செக்காலை மாடியில் சனி பகவான்

நவக்கிரகங்களுக்கும் நம் வீடுகளுக்கும் உள்ள சொந்தம் சாமானியமானதல்ல. வியாழக்கிழமை என்றால் குருவுக்குக் கொண்டைக்கடலை மாலை. சனிக்கிழமை என்றால் எள் விளக்கு. பெண் பார்க்கப் போவதானாலும் சரி, புது வீட்டுக்கு வாசற்கால் வைப்பதானாலும் சரி, முதலில் அவர்களைக் கேட்டுக்கொண்டுதான் மற்றவர்களைக் கேட்கிறோம். குருப்பெயர்ச்சிப் பலன் வெளியாகும் வாரத்தில், தொடர்கதையை அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறோம்.

இவ்வளவு நெருங்கிய சொந்தக்காரர்களை நேரில் பார்த்திருக்கிறோமா? சனியின் பார்வை நம்மேல் விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறோமே, நம்முடைய பார்வை என்றைக்காவது சனியின்மேல் விழுந்திருக்கிறதா?

இத்தனைக்கும் அவர்கள் ஒளிந்துகொண்டிருப்பவர்கள் அல்ல. ஒன்பது பேரில் ராகுவும் கேதுவும் மட்டும் கண்ணுக்குத் தெரியாதவர்கள். சந்திரனுடைய பாதையும் சூரியனுடைய பாதையும் ஆகாயத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களுக்கு வைத்த பெயர்கள் அவை. சூரிய சந்திரர்களைத் தினம் பார்க்கிறோம். மற்ற ஐந்து பேரும், அதாவது புதன், சுக்கிரன், செவ்வாய், குரு, சனி ஆகியோர், எந்தக் கருவியும் இல்லாமலே பார்க்கக் கூடியவர்கள். கருவியும் இருந்துவிட்டால்? அந்த அனுபவத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

விஜயதசமியில் ஆரம்பம்

காரைக்குடியில் செக்காலையில் எங்கள் வீடு. 2023-ஆம் வருஷம் நவராத்திரிக்கு வந்த என் அண்ணன் மகன், தன்னோடு ஒரு டெலிஸ்கோப்பையும் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். நாலடி நீளக் குழாய். கொலு பார்க்க வந்தவர்கள் எல்லாம், "இதென்ன, வெந்நீர் போடுகிற பாய்லரா?" என்று கேட்டார்கள்.

பார்ப்பதற்குப் பெரிதே தவிர, உள்ளே சமாசாரம் அதிகமில்லை. குழாயின் அடியில் ஆறங்குல அகலத்துக்குக் குழிவான கண்ணாடி ஒன்று இருக்கிறது. அது ஆகாயத்திலிருந்து வரும் வெளிச்சத்தைத் திரட்டி மேலே அனுப்புகிறது. மேலே சாய்வாக வைத்த சின்னக் கண்ணாடி அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. அங்கே பொருத்தியிருக்கும் சிறு லென்ஸில்தான் நாம் கண்ணை வைக்க வேண்டும். அதை 'ஐபீஸ்' என்கிறார்கள். 1668-ல் நியூட்டன் தம் கையால் செய்த டெலிஸ்கோப்பும் இதே மாதிரிதான்.

அக்டோபர் 24 விஜயதசமி. புதிதாக ஒரு வித்தையைத் தொடங்க அதைவிட நல்ல நாள் ஏது? அன்றைக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. சந்திரன் சனிக்குப் பக்கத்திலேயே நின்றது. ஆகாயத்தில் புதிதாக வழி தேடுகிறவர்களுக்குச் சந்திரனைப் போன்ற நல்ல அடையாளம் வேறில்லை. சந்திரனுக்கு அருகே, மினுமினுக்காமல் லேசான மஞ்சள் நிறத்தில் நின்ற புள்ளிதான் சனி. கிழக்கே, அதைவிடப் பன்மடங்கு பிரகாசமாக குரு ஏறிக்கொண்டிருந்தது. நட்சத்திரம் மினுக்கும், கிரகம் அநேகமாக மினுக்காது. இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டே பாதி ஆகாயத்தைப் படித்துவிடலாம்.

செக்காலைச் சாலையில் கடை விளக்குகளுக்குக் குறைவில்லை. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மங்கலான நட்சத்திரக் கூட்டங்களைப் பார்க்கத்தான் இருட்டு வேண்டும். கிரகங்களுக்கு ஊர் வெளிச்சம் தடையாவதில்லை. அதோடு நமக்கு ஓர் அதிர்ஷ்டமும் உண்டு. காரைக்குடி பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 டிகிரியில்தான் இருக்கிறது. ஆகையால், கிரகங்கள் தெற்கே எவ்வளவு ஒதுங்கினாலும் நமக்கு ஆகாயத்தில் பாதிக்கு மேலேயே ஏறி வந்துவிடுகின்றன. லண்டனில் உள்ளவர்களுக்கோ, அதே கிரகம் சில வருஷங்களில் கூரை முகட்டைத் தாண்டினால் பெரிய காரியம்!

தோசைக்கல் தரும் பாடம்

முதல் முதலில் பார்க்கிறவர்களுக்குப் படம் நடுங்கிக்கொண்டே தெரியும். டெலிஸ்கோப் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். கெட்டிருப்பது காற்று. காய்ந்த தோசைக்கல்லுக்கு மேலாக எதிர்ச் சுவரைப் பாருங்கள், சுவர் நெளிகிறதல்லவா? பகலெல்லாம் வெயிலில் வெந்த மொட்டை மாடியும் அப்படித்தான். பொழுது சாய்ந்த பிறகு, வாங்கிய சூட்டையெல்லாம் மெள்ள வெளியே விடுகிறது. தட்டோடு பதித்த தளமானால் கேட்கவே வேண்டாம். ஆகவே, விளக்கேற்றியவுடன் மாடிக்கு ஓடுவதைவிட, சாப்பாடு முடித்து, பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு, ஒன்பது மணிக்குமேல் ஏறுவது நல்லது. டெலிஸ்கோப்பை மட்டும் அரை மணி முன்னதாகவே வெளியில் வைத்துவிட வேண்டும். அதன் கண்ணாடியும் ஆற வேண்டுமே!

அடுத்தது, பெரிதாக்கும் ஆசை. எங்கள் டெலிஸ்கோப்போடு இரண்டு ஐபீஸ்கள் வந்தன. ஒன்று 48 மடங்கு பெரிதாக்கும்; மற்றொன்று 120 மடங்கு. 120-ஐத்தான் முதலில் மாட்டத் தோன்றும். ஆனால் மடங்கு கூடக்கூடத் தெரியும் ஆகாயத்தின் அளவு சுருங்கிப்போகும், கிரகம் அகப்படாது. முதலில் 48-ல் பிடித்து, நடுவில் நிறுத்தி, பிறகு 120-க்கு மாற்ற வேண்டும். அப்போதும் கிரகம் நின்று காட்சி தராது. பூமி சுற்றுகிறதல்லவா? ஒன்றரை நிமிஷத்துக்குச் சற்று அதிகமானால், கிரகம் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் போய்விடும். குழாயைக் கையால் மெள்ள நகர்த்திக்கொண்டே பார்க்க வேண்டியதுதான். தொட்டிலை ஆட்டிப் பழகிய கைக்கு அந்தப் பதம் இரண்டு நாளில் வந்துவிடும்.

ஆச்சி பார்த்த சனி

அன்றைக்குக் கொலு பார்க்க வந்தவர்களில் பக்கத்து வீட்டு ஆச்சியும் ஒருவர். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. பேரனுக்கு ஒரு நல்ல இடம் வந்திருந்தது. பெண்ணைப் பிடித்திருந்தது; குடும்பத்தைப் பிடித்திருந்தது. பையன் மகர ராசி. "ஜென்மச் சனி விலகட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் பெண் வீட்டாருக்குப் பதில் சொல்லாமல் மாதக்கணக்காகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆச்சிக்கு அதுவே மனக்குறை.

சனியைப் பார்க்கலாம் என்றதும் ஆச்சி கொஞ்சம் தயங்கினார். பிறகு மாடிப்படியில் ஏறி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, கண்ணை வைத்தார். சிறிது நேரம் பேச்சே இல்லை.

"ஏத்தா, உள்ளுக்குள்ள படத்தை ஒட்டி வச்சிருக்கியா?" என்றார் பிறகு.

இப்படிக் கேட்பவர் ஆச்சி மட்டும் அல்ல. முதல் முறை சனியைப் பார்க்கிற முக்கால்வாசிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். அப்படி இருக்கிறது அந்த அழகு! இருட்டில் தனியாகத் தொங்குகிற சின்னஞ்சிறு உருண்டை. அதைச் சுற்றி, ஒட்டாமல், தொடாமல், ஒரு வளையம். யாரோ பொற்கொல்லர் பார்த்துப் பார்த்துச் செய்த தோடு மாதிரி.

நான் பதில் சொல்லவில்லை. குழாயை நகர்த்தாமல் விட்டேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். "ஐயோ, போகுதே! நகர்ந்து போகுதேத்தா!" என்றார் ஆச்சி.

"ஒட்டின படம் நகருமா, ஆச்சி? அவர் நகரவில்லை. நாம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறோம்."

ஆச்சி நிமிர்ந்து வெறும் கண்ணால் அந்தப் புள்ளியைப் பார்த்தார். மறுபடி குனிந்து உள்ளே பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எம்புட்டுத் தூரத்தில இருக்காக?" என்றார். அன்றைக்குச் சனி ஏறக்குறைய 138 கோடி கிலோ மீட்டர் தூரத்தில் இருந்தது. கோடிக் கணக்குச் சொன்னால் யாருக்கும் மனசில் பதியாது. "நீங்கள் இப்போது பார்க்கிற வெளிச்சம், ஒன்றே கால் மணிக்கு முன்னால், நீங்கள் வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது அங்கிருந்து புறப்பட்டது" என்றேன். ஆச்சிக்கு அது புரிந்தது.

இரண்டு பஞ்சாங்கம்

பேச்சு பேரன் கல்யாணத்துக்கு வந்தது. சனி ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம் ஆகிறது. பன்னிரண்டு ராசிக்கும் பங்கு போட்டால் ராசிக்கு இரண்டரை வருஷம். ஜென்ம ராசியில் ஒன்று, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என மூன்று ராசிக்கும் சேர்த்தால் ஏழரை! குருவுக்கு ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு வருஷம். ஆகவே வருஷத்துக்கொரு குருப்பெயர்ச்சி. பார்த்தீர்களா, நாம் வாய்ப்பாடாகச் சொல்லிக்கொண்டிருப்பது, எந்தக் காலத்திலோ இரவு இரவாக விழித்திருந்து ஆகாயத்தைப் பார்த்தவர்கள் எழுதி வைத்த கணக்கு.

ஆனால் நம் ஊரில் பஞ்சாங்கம் இரண்டு விதம். ஒன்று வாக்கியம், பழைய சூத்திரங்களை வைத்துக் கணிப்பது. மற்றொன்று திருக்கணிதம். 'த்ருக்' என்றால் பார்வை. கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகும்படி கணக்கைத் திருத்திக்கொள்வது என்று பொருள். திருநள்ளாற்றில் பின்பற்றப்படும் வாக்கியப்படி, சனி மகரத்தை விட்டுக் கும்பத்துக்குப் போன நாள் 2023 டிசம்பர் 20. திருக்கணிதப்படி அதே பெயர்ச்சி 2023 ஜனவரியிலேயே, தை மாதம் பிறந்த கையோடு ஆகிவிட்டது. இரண்டுக்கும் பதினொரு மாதம் வித்தியாசம்! அடுத்த பெயர்ச்சியிலும் அப்படியே: திருக்கணிதத்துக்கு 2025 மார்ச் 29, வாக்கியத்துக்கு 2026 மார்ச் 6.

ஆச்சிக்கு இது புதுச் செய்தி. "அப்ப, ஒரு கணக்குப்படி தை மாசமே விலகிட்டாகளா? ஒம்பது மாசமாப் பொண்ணு வீட்டுக்காரவுகளைக் காக்க வச்சிட்டோமேத்தா!" என்றார்.

அடுத்த தையில் பெண் பார்க்கப் போனார்கள். டெலிஸ்கோப்தான் கல்யாணத்தை முடித்து வைத்தது என்று நான் பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். வாக்கியப் பெயர்ச்சியும் மார்கழியிலேயே முடிந்துவிட்டதே! ஆச்சி இன்றைக்கும் சனிக்கிழமை எள் விளக்குப் போடுகிறார். ஆனால், 'சனி எங்கே?' என்று கேட்டால் ஆகாயத்தைக் காட்டுகிறார்.

ராசிகளின் எல்லைக்கோடு ஆகாயத்தில் வரைந்திருக்கவில்லை. அது மனிதர் வகுத்த கணக்கு. ஆனால் கிரகம் எங்கே நிற்கிறது என்பது பார்த்தே தீர்க்கக்கூடிய விஷயம். இதற்காகவே பாடுபட்ட ஒருவர் நம் சென்னையில் இருந்தார். நுங்கம்பாக்கத்தில் 1792-ல் ஏற்பட்ட வான் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாசாரியார்தான் அவர். 1867-ல், ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872-ல், லண்டனில் உள்ள ராயல் வானியல் சங்கத்தில் அங்கத்தினரானார். பார்த்துத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். 1874 டிசம்பர் 9 அன்று சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே கடந்து போனது. அந்த அபூர்வக் காட்சியைச் சாதாரண ஜனங்களும் புரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்று, இரண்டு பேர் பேசிக்கொள்வது போல ஒரு சிறு புத்தகம் எழுதி, ஆங்கிலத்தோடு இந்திய பாஷைகளிலும் வெளிவரச் செய்தார். கணக்குப் போடுகிறவர்கள் ஆகாயத்தையும் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. 1880-ல் காலமாகும் வரையில் அதற்காகவே உழைத்தார்.

எள்ளளவு போட்டோ

கண்ணால் பார்த்தாகிவிட்டது, போட்டோ எடுக்காமல் இருக்க முடியுமா? கைப்பேசியின் காமிராவை ஐபீஸின்மேல் வைத்து எடுத்தேன். படத்தில் விழுந்தது ஒரு வெள்ளைப் புள்ளி. சனிக்கு உரிய தானியம் எள் அல்லவா? சரியாக எள்ளளவு! குருவை எடுத்தால் கொஞ்சம் பருத்து, கொண்டைக்கடலையாக இருந்தது. சாஸ்திரப்படிதான் போட்டோவும் விழுகிறது என்று வீட்டில் ஒரே சிரிப்பு.

காரணம் இதுதான். சுற்றிலும் இருட்டாக இருப்பதைப் பார்த்துக் காமிரா, 'வெளிச்சம் போதாது' என்று நினைத்துக்கொள்கிறது. அதிக வெளிச்சத்தை வாங்கிவிடுகிறது. கிரகமோ சூரிய வெளிச்சத்தில் நனைந்துகொண்டிருக்கும் பொருள். திரையில் கிரகத்தைத் தொட்டு, பிரகாசத்தை இறக்கினால்தான் குருவின் பட்டைகளும் சனியின் வளையமும் வெளியே வரும். கை நடுக்கத்துக்கு, கைப்பேசியை ஐபீஸோடு சேர்த்துப் பிடிக்கும் கவ்வி ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

அதற்குமேல் ஒரு தந்திரம் உண்டு. போட்டோ எடுக்காமல் வீடியோ எடுக்க வேண்டும். விநாடிக்கு 30 படம் வீதம், ஒரு நிமிஷத்தில் 1,800 படங்கள். காற்று நெளிவதால் பல படங்கள் கலங்கியிருக்கும். ஆனால் காற்று அடங்கும் கண நேரத்தில் அகப்பட்ட படங்களும் நடுவே இருக்கும். அந்த நல்ல படங்களை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கித் தருவதற்கு 'ஆட்டோஸ்டாக்கர்ட்' போன்ற இலவசக் கம்ப்யூட்டர் நிரல்கள் இருக்கின்றன. முறத்தில் அரிசியைப் புடைத்து, கல்லையும் நொய்யையும் தள்ளி, மணியானதை மட்டும் உலையில் போடுகிறோமே, அதே வேலை. 1,800-ல் ஒரு 450 தேறினால் போதும். எள் வளையமாக மாறிவிடும்.

முதன்முதலாக எங்கள் படத்தில் வளையம் தனியாகப் பிரிந்து தெரிந்தபோது அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உலகத்தின் பெரிய டெலிஸ்கோப்புகள் எடுத்த படங்கள் இதைவிட ஆயிரம் மடங்கு நேர்த்திதான். ஆனாலும், கடையில் வாங்கிய அதிரசம் வேறு, வீட்டில் பாகு பதம் பார்த்துச் சுட்ட அதிரசம் வேறு அல்லவா?

அப்பளத்தின் விளிம்பு

2025-ல் சனி இன்னொரு வேடிக்கை காட்டியது. வளையம் மெலிந்து, உருண்டையில் குத்திய ஊசி போலாகிவிட்டது. பார்த்தவர்கள், "வளையம் எங்கே?" என்று என்னைத்தான் கேட்டார்கள்.

அந்த வளையம் கோடானுகோடிப் பனிக்கட்டித் துண்டுகளால் ஆனது. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை 2,70,000 கிலோ மீட்டருக்கு மேல் விரிந்திருக்கிறது. பருமனோ, பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். ஓர் அப்பளத்தை முகத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டம் தெரியும். விளிம்பு மட்டும் தெரியும்படி திருப்பினால் கோடுதான் தெரியும். சனியின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை, ஏறக்குறைய பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவை, வளையம் விளிம்பை நமக்குக் காட்டுகிறது. 2025 மார்ச்சில் அப்படித் திரும்பியது. 2032 வாக்கில் நன்றாக விரிந்து, 2038-ல் மறுபடியும் கோடாகும்.

டெலிஸ்கோப்பில் முதல் முதலாகச் சனியைப் பார்த்த கலிலியோவையே இது திண்டாட வைத்தது. 1610-ல் சனிக்கு இரு புறமும் காது மாதிரி ஏதோ தெரிந்தது. 1612-ல் பார்த்தால் காதுகளைக் காணோம்! அது வளையம்தான் என்று ஹாலந்து தேசத்து ஹைகன்ஸ் விளக்கி எழுதியது 1659-ல். ஒரே சமயம் பார்த்துவிட்டுப் போனால் விளங்காத உண்மை, வருஷக்கணக்கில் பார்த்தபோது விளங்கிற்று.

அதனால்தான் பார்ப்பதை எழுதியும் வைக்க வேண்டும் என்கிறேன். குருவைச் சுற்றி நாலு சந்திரன்கள், கோலப் புள்ளி மாதிரி ஒரே வரிசையில் நிற்கும். இன்றைக்கு இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஒன்று. நாளைக்கு வேறு மாதிரி. தினம் ஒரு வட்டம் போட்டு, நாலு புள்ளி வைத்து, தேதி எழுதுங்கள். பால் கணக்கு எழுதுகிற நோட்டே போதும். கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சிக் கூடத்தில் கணவரோடு பல வருஷம் உழைத்த மேரி எவர்ஷெட் அம்மையாரும் இப்படித் தொடங்கியவரே. இளம் வயதில் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது, அங்கத்திய ஆகாயத்துக்கு நல்ல வழிகாட்டிப் புத்தகம் இல்லை என்று கண்டு, தாமே பார்த்துப் பார்த்து ஒன்றை எழுதிவிட்டார்.

ஒரே ஒரு எச்சரிக்கை: டெலிஸ்கோப்பைப் பகலில் எக்காரணம் கொண்டும் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது. ஒரு கணத்தில் கண் போய்விடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால், பொழுது விடிவதற்குள் மூடி போட்டு உள்ளே வைத்துவிடுங்கள்.

டெலிஸ்கோப் வாங்க முடியவில்லையா? பரவாயில்லை. இன்று இரவு மாடிக்குப் போய், மினுக்காமல் நிற்கும் ஒரு புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும், பக்கத்து நட்சத்திரங்களுக்கு நடுவே அது எப்படி நகர்கிறது என்று பாருங்கள். அதுதான் பெயர்ச்சி. பலன் என்ன என்று பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம், தொடர்கதையையும்தான்!